விபோர்க் நூலகம் போரில் இடிந்து போகவில்லை

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். ரஷ்யாவின் எல்லையோரத்தில் இருக்கிற ஒரு சின்ன நகரத்து நூலகத்தை ஏன் உலகம் முழுக்க உள்ள கட்டிடக் கலைஞர்கள் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், அது இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகிவிட்டது என்று எங்கோ படித்தது உண்மையா, அப்படியானால் இன்று அங்கே நிற்பது அசலா நகலா. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பான தகவல் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது: இல்லை, போரில் அது இடியவில்லை. போர் அதை ஓரளவு காயப்படுத்தியது, அவ்வளவுதான். அதைக் கிட்டத்தட்டக் கொன்றது போருக்குப் பிறகு யாருமே கவனிக்காமல் விட்ட பத்து வருடங்கள். கூரை ஒழுகியது, தண்ணீர் இறங்கியது, குளிரில் உறைந்து விரிந்தது, மரம் காணாமல் போனது. ஒரு கட்டிடத்துக்குக் குண்டைவிட மோசமான எதிரி ஒழுகும் கூரை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்த நூலகமே காரணம்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். இன்றைய விபோர்க், பின்லாந்து மொழியில் வீபுரி. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வடமேற்கே சுமார் 140 கிலோமீட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அது பின்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று, துறைமுகமும் வணிகமும் பல மொழிகளும் புழங்கிய ஊர். அங்கே லல்லுக்கா என்ற வணிகத் தம்பதியர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து நகர நூலகம் கட்டப் பணம் கிடைத்தது. 1927-இல் போட்டி அறிவித்தார்கள். வென்றவர் பின்லாந்துக் கட்டிடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் போட்டிக்கு அனுப்பிய வரைபடத்துக்கும் பின்னால் கட்டியதற்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். முதல் வடிவம் வட ஐரோப்பியச் செவ்வியல் பாணி: கனமான முகப்பு, அலங்காரப் பட்டை, கோயில் வாசல் மாதிரி உயரமான நுழைவாயில். ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் குன்னார் அஸ்ப்லுண்ட் ஸ்டாக்ஹோமில் கட்டிக்கொண்டிருந்த நகர நூலகத்தின் சாயல் அதில் பளிச்சென்று தெரிகிறது. அந்த ஸ்டாக்ஹோம் நூலகம் 1928-இல் திறக்கப்பட்டது. இளைஞரான ஆல்ட்டோ அதைப் பார்த்து மயங்கியதில் ஆச்சரியமில்லை, இன்றும் அது மயக்குகிற கட்டிடம்தான்.

பிறகு நடந்தது தாமதம். பொருளாதார மந்தம் வந்தது, எந்த இடத்தில் கட்டுவது என்ற விவாதம் இழுத்தது, நவீன வடிவம் வேண்டுமா வேண்டாமா என்று ஊருக்குள் சண்டை. இப்படியே ஆறேழு வருடம் ஓடியது. ஆனால் அந்தத் தாமதம்தான் கட்டிடத்தைக் காப்பாற்றியது என்பேன். அந்த இடைவெளியில் ஆல்ட்டோ வேறு ஆளாக மாறியிருந்தார். 1929-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த நவீனக் கட்டிடக்கலை மாநாட்டுக்குப் போய்வந்தார், பைமியோ என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை ஒன்றைக் கட்டி முடித்தார். படுக்கையில் மல்லாந்து கிடக்கிற நோயாளியின் கண்ணுக்கு மேற்கூரை எப்படித் தெரியும், கை கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைத் தொந்தரவு செய்யுமா என்று யோசித்துக் கட்டிய மருத்துவமனை அது. அந்தப் பழக்கத்தோடு நூலக வரைபடத்துக்குத் திரும்பினார். 1933-இல் இடமும் மாறியது, நகரத்தின் நடுவிலிருந்த டோர்க்கெலி பூங்காவுக்கு. அந்த வருடக் கடைசியில் இறுதி வரைபடம் தயார். 1935 அக்டோபரில் நூலகம் திறக்கப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, கொஞ்சம் நகர்த்தி வைத்தது மாதிரி இருக்கும். பெரியது நூல்கள் இருக்கும் பகுதி, ஒல்லியானது சொற்பொழிவுக் கூடமும் அலுவலகங்களும். படம் பார்க்கிறவர்கள் பாதிப்பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், "இதில் என்ன இருக்கிறது, வெறும் வெள்ளைச் சுவர்தானே" என்று. இந்தக் கட்டிடத்தின் சிறப்பு முழுக்க உள்ளேதான் இருக்கிறது.

முதலில் வெளிச்சம். நூலகம் என்றால் மையப் பிரச்சினை மனிதனின் கண்தான் என்பது ஆல்ட்டோவின் நிலைப்பாடு. 1940-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை நேரடியாகவே சொல்லியிருக்கிறார். எவ்வளவு அழகாகக் கட்டினாலும் புத்தகம் படிக்கக் கண் சிரமப்பட்டால் அது நூலகமாகத் தோற்றுப்போன கட்டிடம். பெரிய ஜன்னல் வைத்தால் என்ன ஆகும்? ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவருக்குக் கண் கூசும், சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவருக்கு இருட்டும், பக்கவாட்டு வெளிச்சத்தில் சொந்தக் கை நிழலே பக்கத்தின் மேல் விழும். அதனால் அவர் வாசிப்புக் கூடத்தில் ஜன்னலே வைக்கவில்லை. சுவர் நாலு பக்கமும் அடைத்தது, வெளிச்சம் மொத்தமும் மேலிருந்து. தட்டைக் கூரையில் 57 வட்டமான துளைகள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டம், கூம்பு மாதிரி ஆழமாக, மேலே கண்ணாடி.

அந்த ஆழம் சும்மா வைத்ததல்ல, கணக்குப் போட்டு வைத்தது. விபோர்க் இருப்பது கிட்டத்தட்ட 60.7 பாகை வட அட்சரேகையில். கோடையின் உச்ச நாளில், நண்பகலில்கூட அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 52 பாகைக்கு மேல் ஏறாது (90-இலிருந்து 60.7-ஐக் கழித்து 23.4-ஐக் கூட்டிப் பாருங்கள், வந்துவிடும்). 52 பாகைச் சரிவில் வருகிற கதிர்கூட நேராக உள்ளே இறங்க முடியாத அளவுக்குக் கூம்பை ஆழமாக்கினால், வருடத்தின் எந்த நாளிலும் நேரடி வெயில் புத்தகத்தின் மேல் விழாது. வெயில் கூம்பின் உட்சுவரில் பட்டு, சிதறி, மென்மையாகி, அப்புறம்தான் கீழே வரும். 57 கூம்புகளிலிருந்து 57 திசையில் வெளிச்சம் வருவதால் எந்த ஒன்றும் அழுத்தமான நிழலைத் தராது. எந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கத்தில் நிழல் இல்லை. இருட்டிய பிறகும் இதே தர்க்கம்தான், மின்விளக்குகளின் ஒளி நேராகக் கண்ணில் படாமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்படி அமைத்தார். ஒருவர் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை முதலில் மனத்தில் வைத்து, அதைச் சுற்றிக் கட்டிடத்தை எழுப்பியது போல் இருக்கிறது. எனக்கு இந்த நூலகத்தின் மேல் பிரியம் வந்ததே இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட நாளில்தான்.

வெப்பமும் இப்படித்தான். சுவர்களெல்லாம் புத்தக அலமாரிக்கு வேண்டும், அங்கே வெப்பமூட்டிகளை வைக்க முடியாது. அதனால் கூரைக்குள்ளேயே வெப்பக் குழாய்களைப் பதித்தார், காற்றோட்டக் குழாய்களைத் தடித்த செங்கல் சுவர்களுக்குள் மறைத்தார். அந்தத் தடித்த சுவர் தெருச் சத்தத்தையும் தடுத்தது.

கூடத்தின் தரையும் ஒரே மட்டம் இல்லை. நடுவில் ஒரு பள்ளம் மாதிரி இறங்கும், அதைச் சுற்றிலும் அலமாரிகள், மேல் மட்டத்திலும் அலமாரிகள், அங்குமிங்கும் போக அகலமான படிகள். உயரமான இடத்தில் நூலகரின் மேசை, அங்கிருந்து மொத்தக் கூடமும் ஒரே பார்வையில் தெரியும். இந்தப் பள்ள அமைப்பை ஆல்ட்டோ கடைசிவரை விடவில்லை. 1965-இல் செய்னாயோக்கி, ரோவனியெமி நகர நூலகங்களிலும், 1970-இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் மடாலய நூலகத்திலும் அதையே வேறுவேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார். விதை வீபுரியில் போட்டது.

இன்னொன்று அந்தச் சொற்பொழிவுக் கூடம். புகைப்படங்களில் அதிகம் வருவது இதுதான்: நீளமான அறை, ஒரு பக்கம் முழுக்கப் பூங்காவைப் பார்க்கும் ஜன்னல்கள், மேலே மெல்லிய பைன் மரப்பட்டிகளால் ஆன மேற்கூரை, அலை அலையாக ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும். அழகுக்காக வளைத்தது என்று நினைக்கத் தோன்றும். ஆல்ட்டோ அதற்கு ஒலிக் கதிர்கள் எப்படிப் பட்டுத் திரும்பும் என்று படமே வரைந்தார். அவர் மனத்தில் இருந்தது மேடையில் நிற்கிற ஒருவர் பேசி மற்றவர்கள் கேட்பது மட்டுமில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து கேள்வி கேட்டால் அதுவும் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பது. விவாதம் நடக்கிற அறைக்கு ஏற்ற கூரை. அந்த ஒலிப்படங்கள் எளிமையானவை, இன்றைய ஒலியியல் நிபுணர்கள் அதைவிட நுணுக்கமாகக் கணக்கிடுவார்கள், அது உண்மைதான். ஆனால் பொது நூலகம் ஒன்றின் கூட்ட அறையில் கேட்பவர் குரலுக்கும் பேச்சாளர் குரலுக்கும் சம இடம் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக் கூரையை வளைத்த அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பெரியதாகப் படுகிறது.

அந்த அறையில் போட்ட இருக்கை, இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த முக்காலி. வட்டப் பலகை, மூன்று வளைந்த கால்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், அடுக்கும்போது கால்கள் சுருள் மாதிரி சுற்றிக்கொண்டே மேலே போகும். காலை எப்படி வளைத்தார்கள் தெரியுமா? திடமான பிர்ச் மரக் கட்டையின் ஒரு முனையில் வரிசையாக ரம்பத்தால் நீளவாக்கில் கீறி, ஒவ்வொரு கீறலிலும் பசை தடவிய மெல்லிய மரத்தகட்டைச் செருகி, பிறகு வளைத்து இறுக விட்டார்கள். இரும்புச் சட்டம் வேண்டாம், மூலையில் ஆப்பு வேண்டாம், காலே நேராகப் பலகையில் திருகலாம். நூலகம் திறந்த அதே 1935-இல்தான் ஆல்வாரும் அவருடைய மனைவி ஐனோ ஆல்ட்டோவும் இன்னும் இருவரும் சேர்ந்து ஆர்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள், அந்த முக்காலியை இன்றும் அந்த நிறுவனம் செய்கிறது. ஐனோவும் கட்டிடக் கலைஞர்தான், அந்த அலுவலகத்து வேலைகளில், குறிப்பாக உள்ளரங்கிலும் மரச்சாமான்களிலும், அவருடைய பங்கு பெரியது. ஆல்வார் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற கட்டுரைகள் எனக்கு உறுத்தும்.

குழந்தைகள் பகுதிக்குத் தனி வாசல், பூங்கா பக்கமாக. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அப்படியே உள்ளே வந்துவிடலாம், பெரியவர்களின் அமைதிக் கூடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நாளிதழ் அறைக்கும் தெருவிலிருந்தே வேறு வாசல்.

இவ்வளவும் கட்டித் திறந்து நான்கே வருடம். 1939 நவம்பர் கடைசியில் சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 1940 மார்ச்சில் கையெழுத்தான மாஸ்கோ உடன்படிக்கையில் வீபுரி சோவியத்துக்குப் போனது. 1941 ஆகஸ்டில் பின்லாந்து திரும்பப் பிடித்தது, 1944 ஜூனில் மறுபடி இழந்தது. வீபுரியை உள்ளடக்கிய, இழந்த கரேலியப் பகுதியிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள், வீபுரியின் பின்லாந்துக்காரர்கள் எல்லோரும் அதில் அடக்கம். வெளியிலிருந்து வேறு மக்கள் வந்து குடியேறினார்கள். ஒரு நகரத்தின் மக்கள் மொத்தமாக மாறுவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அந்த நூலகத்தைக் கட்டச் சொன்னவர்கள், அதில் படித்தவர்கள், அந்த மொழியில் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாருமே அந்த ஊரில் இல்லை.

பக்கத்தில் பூங்காவை ஒட்டி நின்ற பெரிய லூத்தரன் தேவாலயம் போரில் சிதைந்து, பிறகு இடிபாடும் அகற்றப்பட்டது. நூலகம் நின்றது. ஆனால் புழக்கமில்லாமல் நின்றது. 1944-க்குப் பிறகு சுமார் பத்து வருடம் காலியாகக் கிடந்ததில், முன்னே சொன்ன மாதிரி, கூரை வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தட்டைக் கூரைக்கும் 57 கண்ணாடிக்கும் ஒவ்வொரு வருடமும் கவனிப்பு வேண்டும், பனி பெய்கிற ஊரில் அதுவும் கூடுதலாக. அந்த அலைக் கூரை அழிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரும் எளிதில் போகமுடியாத காலம், எனவே மேற்கத்திய நாடுகளில் நூலகம் அழிந்துவிட்டது என்றே பேசினார்கள், எழுதினார்கள். நீங்கள் படித்தது அந்தப் பேச்சின் மிச்சம்.

இனி வருகிற பகுதிதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது, அது எனக்கு வருத்தம். 1950-களில் சோவியத் அதிகாரிகள் கட்டிடத்தைப் பழுதுபார்க்க முடிவு செய்தபோது, முதலில் வந்த யோசனை அதை ஸ்டாலின் காலச் செவ்வியல் பாணிக்கு மாற்றுவது. அது நடந்திருந்தால் இன்று நாம் பேச எதுவும் மிஞ்சியிருக்காது. 1955-இல், ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷேவ் காலத்தில், கட்டிடங்களில் ஆடம்பர அலங்காரத்துக்கு எதிராக அரசாணை வந்தது, காற்று மாறியது. அந்தச் சூழலில்தான் அலெக்சாந்தர் ஷ்வெர், பியோத்ர் ரோசன்ப்லூம் என்ற சோவியத் கட்டிடக் கலைஞர்கள் வேலையை எடுத்தார்கள், ஆல்ட்டோவின் கட்டிடத்தை ஆல்ட்டோவின் கட்டிடமாகவே மீட்க முயன்றார்கள். கையில் மூல வரைபடங்கள் கிடையாது. அவை எல்லைக்கு மறுபக்கம் ஆல்ட்டோவின் அலுவலகத்தில் இருந்தன. இருந்ததைப் பார்த்தும் ஊகித்தும் செய்தார்கள். 1961-இல் நூலகம் திரும்பத் திறந்தது, லெனினின் மனைவியும் சோவியத் நூலக இயக்கத்துக்கு நிறையச் செய்தவருமான நாதெழ்தா க்ருப்ஸ்கயாவின் பெயரில். சில இடங்கள் அச்சு அசலாக இல்லை, சில பொருட்கள் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியவை. அதையெல்லாம் குறையாகப் பட்டியலிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றும்: 1957-இலிருந்து 1961-க்குள் அவர்கள் கூரையைப் போடாமலும், ஆட்களை உள்ளே கொண்டுவராமலும் விட்டிருந்தால், 1990-களில் மீட்பதற்கு என்ன இருந்திருக்கும்? ரஷ்ய மொழி வாசகர்கள் முப்பது வருடம் அங்கே உட்கார்ந்து படித்ததால்தான் அது நூலகமாகவே பிழைத்தது, கிடங்காகவோ வேறு ஏதாவதாகவோ மாறவில்லை.

சோவியத் யூனியன் கலைந்த பிறகு, 1992-இல், பின்லாந்தில் இந்த நூலகத்தை மீட்பதற்கென்றே ஒரு குழு அமைந்தது. கட்டிடக் கலைஞர் மையா கைராமோ அதில் பல வருடம் உழைத்தவர், பின்லாந்துத் தரப்பின் மீட்பு வரைபட வேலையில் தப்பானி முஸ்தோனென் முக்கியமானவர். இந்தப் பக்கம் ஆல்ட்டோ அலுவலகத்து மூல வரைபடங்கள், அந்தப் பக்கம் கட்டிடமும் அதை நடத்துகிற நூலகர்களும். இரண்டும் சேர்ந்தன. 1994-இல் தொடங்கிய வேலை முடிந்தது 2013-இல். கிட்டத்தட்ட இருபது வருடம், ஏனென்றால் பணம் துளித்துளியாகத்தான் வந்தது. ஒரு வருடம் ஒரு கண்ணாடிச் சுவர், இன்னொரு வருடம் கூரையின் ஒரு பகுதி என்று நகர்ந்தது. 2000-இலும் 2002-இலும் உலக நினைவுச்சின்ன நிதியம் இதை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் வைத்தது. 2010-இல் ரஷ்ய அரசு பெரிய தொகை ஒதுக்கிய பிறகுதான் மீதி வேலை வேகம் பிடித்தது. இடையில் 1998-இல் நூலகத்தின் பெயரும் ஆல்ட்டோவின் பெயருக்கு மாறியிருந்தது.

இந்த மீட்பில் நான் மதிக்கிற விஷயம், பெரும்பாலும் நூலகத்தை மூடாமலேயே செய்தார்கள் என்பது. ஒரு பக்கம் சாரம் கட்டியிருக்கும், இன்னொரு பக்கம் ஆள் புத்தகம் எடுத்துக்கொண்டு போவார். வேலை முடிந்த அடுத்த வருடம், 2014-இல், நவீனக் கட்டிடங்களைக் காப்பதற்காக உலக நினைவுச்சின்ன நிதியமும் நோல் என்ற மரச்சாமான் நிறுவனமும் சேர்ந்து தரும் விருது இதற்குக் கிடைத்தது.

கடைசியாக அசலா நகலா என்ற கேள்வி. ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, பகுதி பகுதியாகத்தான் சொல்ல வேண்டும். நிற்கிற இடம், சுவர்கள், அறைகளின் அமைப்பு, அந்தப் பள்ளமும் படிகளும், கூரையில் 57 துளைகளின் ஒழுங்கு, இதெல்லாம் 1935-இன் கட்டிடம். சொற்பொழிவுக் கூடத்தின் அலைக் கூரை புதிதாகச் செய்தது, மூல வரைபடத்தைப் பார்த்துச் செய்தது, அதை அசல் மரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூரைக் கண்ணாடிகளும் ஒழுகலைத் தடுக்கும் பூச்சுகளும் புதியவை, புதியவையாக இருந்தே ஆகவேண்டியவை, எந்தத் தட்டைக் கூரையிலும் அவற்றைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். என் கணக்கில் இது அசல் கட்டிடம்தான். ஏனென்றால் மேலே சொன்ன 52 பாகைக் கணக்கு இன்றும் அங்கே வேலை செய்கிறது. ஜூன் மாத நண்பகலில் வாசிப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்து, திறந்த புத்தகத்தின் மேல் கையை நீட்டிப் பார்த்தால், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்வது கஷ்டம்.